கார்னர் மனை

“அந்தக் கார்னர் மனை எனக்கு!”

அருள்ராணி நீட்டிய விரலை மடக்கக்கூட இல்லை. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது. மனை பார்க்க வந்த வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த செவந்தி.

“நான்தானேங்க முதல்ல கேட்டேன்?” என்றாள் அருள்ராணி.

“கேட்டா ஆச்சா? நா வேன்ல ஏறுறப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

மனை விற்கும் கம்பெனி மேனேஜர் கோபிநாத்துக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா மேடம் போட்டிய! பைபாஸ் வருது. தை பொறந்தா ரேட்டு டபுள். இன்னைக்கு விட்டீங்கன்னா புதுக்கோட்டையச் சுத்தி ஒரு கைப்பிடி மண்ணு வாங்க முடியாது.”

அருள்ராணி குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. பார்க்கிற வீட்டுக்கெல்லாம் வாடகை வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். குவைத் வெயிலில் வெந்து கணவன் லியோன் அனுப்பியது மொத்தமும் இப்போது அவள் ஹேண்ட்பேக்கில். ‘இந்த வருஷமும் விட்டா, சாகுறவரைக்கும் வாடகை வீடுதான் ராணி’ என்று காலையில்கூடப் போனில் சொன்னான்.

“சரிங்க, அதுக்கு அடுத்தது குடுங்க.”

“அதுவும் எனக்குத்தான்” என்றாள் செவந்தி. “மூத்தவளுக்கு ஒண்ணு, இளையவளுக்கு ஒண்ணு.”

கோபிநாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. “அக்கா... மேடத்துக்கு விட்டுக்குடுங்கக்கா.”

“எதுக்கு விடணும்? அவங்க காசு காசு, என் காசு கடலைத் தொலியா?”

அவன் கண்ணைக் கண்ணைக் காட்டினான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

“அந்தா, அங்கிட்டு இருக்கிறது?” அருள்ராணி கைகாட்டினாள்.

“தாராளமா வாங்குங்க. எதுத்த மனை என் தம்பிக்கு. ஆட்டுக்கொட்டாய ஒங்க வாசலப் பாத்துத்தான் போடுவான். குடிச்சா அவன் வாயில நல்ல வார்த்தை வராது, இப்பவே சொல்லிப்புட்டேன்.”

அருள்ராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒங்கள மாதிரி ஆளுங்க வளைச்சு வளைச்சுப் போடுறதாலதாங்க, எங்களுக்கு ஒரு கூரை இல்லாமப் போகுது! ஒங்க பக்கத்துல குடியிருக்கிறதுக்கு நடுரோட்டுல படுத்துக்கிறேன்!”

விறுவிறுவென்று போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

கண்ணாடி வழியே பார்த்தால், வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அட்வான்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோபம் வடிய வடியப் பயம் ஏறியது. ஒரு வாய்ச்சண்டைக்காகக் குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிட்டோமா? இறங்கிப் போய்க் காலில் விழுந்தாவது ஒரு மனை கேட்கலாமா? யோசிப்பதற்குள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். வேன் கிளம்பிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்க, பின்னாலேயே செவந்தியும் இறங்கினாள். வேன் கண்ணிலிருந்து மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மூணு மனையும் ஒங்களுக்கே. இப்ப திருப்தியா?” அருள்ராணி அழுதேவிட்டாள்.

“எனக்கு ஏதும்மா மனை? நா கோபிநாத்து கூட்டியாற ஆளு. தெனமும் வேன்ல ஏறி ‘எனக்கு, எனக்கு’ன்னு கத்தணும். வந்தவங்க பயந்துபோயி, சொன்ன ரேட்டுக்குத் தலையாட்டுனதும் விட்டுக்குடுத்துறணும். அதுக்குத்தான் கூலி.”

“அப்ப... ஏன் விட்டுக்குடுக்கல?”

“கல்லு நட்டுருக்காங்களே, அது பூராவும் கண்மாய்த் தண்ணி நிக்கிற எடம். ஐப்பசியில வந்து பாருங்க, இடுப்பளவு நிக்கும். வேன்ல வர்றப்ப, ‘அவரு சம்பாத்தியமே இவ்வளவுதாங்க’ன்னு சொன்னீங்க. மனசு கேக்கல.”

அருள்ராணி ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“அக்கா... அட்வான்ஸ் கட்டுனாங்களே, மத்தவங்க?”

செவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒரு வேனுக்கு ஒருத்தரத்தாம்மா தடுக்க முடியும். எல்லாரையும் தடுத்தா, நாளைக்கு என்னைய ஏத்த மாட்டானே!”