மூணு வருஷத்துக்கு மேல ஏலா

“பாடம் கிடக்கட்டும் மகள். எத்தின வருஷம்? அத முதல்ல செல்லு.”

பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் றவூப், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தும் கடையைத் திறக்கவில்லை. நாளைக்கு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாள், வியாபாரம் குவியும். வந்திறங்கிய துணிக்கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலோடு மகளை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மர்லியாவுக்கு உயர்தரப் பரீட்சையில் நாலு பாடமும் பாஸ், புவியியலில் ஏ. சமூகவியல் படிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தூக்கம் கெட்டுப் படித்தவள். வாப்பா “போ” என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குக் குறுக்கே நின்றது பண்டாரவளை மாமி.

மாமி ஸித்தி ஸுபைதா, வாப்பாவின் ராத்தா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். மர்லியா பிறந்த ஏழாம் நாள், முடி இறக்கிய தலையைத் தடவி, “இது எண்ட மகன் ஸரூக்குக்கு” என்று கையில் வளையல் போட்டுவிட்டுப் போனார். வாப்பாவும் அன்றைக்குத் தலையாட்டிவிட்டார். வளர்த்த ராத்தாவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றும் துணிவு அவருக்கு இன்றுவரை வரவில்லை.

போன நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது மாமி கறாராகச் சொல்லிவிட்டார்: “படிக்கணுமெண்டா படிக்கட்டும். மூணு வருஷம் பொறுப்பன். அதுக்கு மேல ஒரு நாளும் ஏலா. வேற எடம் பாத்துக்குவன்.”

இன்று நாலு மணி பஸ்ஸில் அதே மாமி முடிவு கேட்க வருகிறார்.

மூன்றைத் தாண்டினால் வாப்பா அனுப்பமாட்டார் என்று மர்லியாவுக்கு நிச்சயம். சாதாரணப் பட்டம் மூன்று வருஷம்தான்; அவளுக்கோ சிறப்புப் பட்டத்தில் ஆசை. அதனால் நேற்றே ஒரு கள்ளவேலை செய்திருந்தாள். ‘சிறப்புப் பட்டம்: நான்கு வருடம்’ என்று அச்சடித்திருந்த தாளை, சோற்றுப் பருக்கை தேய்த்து அடுத்த தாளோடு ஒட்டிவிட்டாள். முதலில் உள்ளே போய்விட்டால், நாலாவது வருஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“பேராதன?” என்றார் றவூப்.

“சமூகவியல் ஈக்கி வாப்பா. பொருளியலும் ஈக்கி. மூணு வருஷம்.”

“கொழும்பு?”

“அதுவும் மூணு.”

“யாழ்ப்பாணம்?”

“மூணுதான். பதுள மாவட்டத்துக்குப் புள்ளியும் கொஞ்சம் கொறவு. எனக்கு மூணு எடத்துக்கும் விண்ணப்பம் போடலாம்.”

றவூப் நடப்பதை நிறுத்தினார். “நாலு வருஷப் படிப்பு ஒண்டுமே இல்லியா?”

“இல்ல வாப்பா, இல்ல!”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடனே எழுந்தார். உம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணீர் ஆடை கட்டிக் கிடந்தது. போன மாதம் பண்டாரவளைக்குப் போய் ஸரூக்கின் கடையில் ஒரு பகல் இருந்துவிட்டு வந்ததிலிருந்தே மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன நடந்தது என்று உம்மா கேட்டதற்குச் சால்வையை உதறினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள் போலும் என்று மர்லியா நினைத்துக்கொண்டாள்.

முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மாமியின் குரல்.

“றவூப்! எத்தின வருஷமெண்டு பாத்தியா?”

“இந்தா வாறன் ராத்தா.”

றவூப் கைந்நூலை மகளிடமிருந்து வாங்கினார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பது வருஷமாகத் துணி தொட்ட கை அது. எந்தச் சீலையை நீட்டினாலும், கண்ணால் பார்க்காமலே பெருவிரலால் தேய்த்துத் தரம் சொல்லிவிடுவார். ஒரு தாளில் அந்த விரல் நின்றது. மறுபடியும் தேய்த்தார்.

“இது ரெட்டையாவுல்ல ஈக்கி?”

அவர் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, ஓரத்தில் முனையை விட்டு, தாள் கிழியாமல் பக்குவமாகப் பிரித்தார். காய்ந்த சோறு இரண்டு பருக்கை பாயில் விழுந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

“வாப்பா, மன்னிச்சிக்கோங்க. அந்தப் படிப்ப நான் எடுக்கமாட்டன். மூணோட வந்திருவன். போக மட்டும் விடுங்க வாப்பா.” அவள் அழுதேவிட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “முதலாம் வருஷச் சோதினையில நல்ல புள்ளி எடுத்தாத்தான் இது கிடைக்குமாமே. எடுப்பியா?”

என்ன கேட்கிறார் என்றே புரியாமல் மர்லியா தலையாட்டினாள்.

றவூப் விரித்த புத்தகத்தோடு வாசல் திரையை விலக்கினார். ஸரூக்கின் கடையிலிருந்து திரும்பிய நாள் முதல் அந்த வீட்டில் கேட்காத தெம்பான குரலில் கூப்பிட்டார்:

“ராத்தா, நாலு வருஷமாம்! ஸரூக்குக்கு வேற எடம் பாத்துக்கோங்க!”