பாய் வீட்டுக் கம்ப்யூட்டர்

"தம்பி, ஒரு நிமிஷம்! ஆபீஸுக்குத்தானே கிளம்பிட்டே?"

படி இறங்கிக்கொண்டிருந்த தருண் நின்றான். இரண்டாவது மாடி வாசலில் முகமது இஸ்மாயில். மிலிட்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், தனி ஆள். சாங்வியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடும்.

"ஆமாங்க பாய். லேட்டாயிடுச்சு."

பச்சைப் பொய். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரமாகிறது. மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்தார்கள், லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், நல்லா இருங்கள் என்று கைகுலுக்கினார்கள்.

மனைவி வைஷுவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் ஆபீஸ் பையில் வைத்து, வாசல்வரை வந்து கொடுப்பாள். அவன் வாங்கிக்கொண்டு போய் ஔந்த் பூங்காவில் நாளெல்லாம் பெஞ்சைத் தேய்ப்பான். ஆபீஸ் கார் ஏன் வருவதில்லை என்று அவள் கேட்டதற்கு, டிராஃபிக்கில் பஸ்ஸே மேல் என்று இன்னொரு பொய்.

வேறு வேலை கிடைத்ததும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். ஆனால் இன்டர்வியூவில் புரோகிராம் எழுதிக் காட்டக் கம்ப்யூட்டர் வேண்டுமே! புதிதாக ஒன்று வாங்கினால், ஆபீஸ் லேப்டாப் என்னாச்சு என்று வைஷு கேட்பாள்.

"கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன். கொஞ்சம் மாட்டிக் குடுத்துட்டுப் போயேன்" என்றார் பாய்.

ஓசியில் வேலை வாங்க நான்தான் கிடைத்தேனா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டே உள்ளே போனான்.

மேஜைமேல் ஒரு திரை. பக்கத்தில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டி.

"சோப்பு டப்பா மாதிரி இருக்கு. மிச்சத்தைக் கடையிலயே வெச்சுக்கிட்டானா?"

"இல்லீங்க பாய், மினி கம்ப்யூட்டர். இவ்வளவுதான். திரைக்குப் பின்னாடி மாட்டிட்டா கண்ணுக்கே தெரியாது."

நாலு திருகாணி போட்டுப் பெட்டியைத் திரையின் முதுகில் மாட்டினான். வயர்களைச் செருகி உயிர் கொடுத்தான். விவரத்தைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"பதினாறு ஜிபி ரேம்! உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு?"

"நியூஸ் பார்க்க."

"சரி, கேமரா? ஹெட்போன்?"

"அதுவும் நியூஸ் பார்க்கத்தான்."

"கேமராவுலயா?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "கடையில குடுத்தாங்க, வாங்கினேன். விடேன்."

முதுகு உயர்ந்த புது நாற்காலி ஒன்றும் இருந்தது. நியூஸ் பார்க்கிறவருக்குச் சோபா போதாதா? தருணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்குள் திரை, அப்டேட் ஓடுகிறது, அணைக்காதே என்றது.

"ரெண்டு மணி நேரமாவது ஆகும் பாய். அது பாட்டுக்கு ஓடட்டும்."

"ஐயையோ, யாராவது பக்கத்துல இருக்க வேணாமா? நான் மார்க்கெட் போயிட்டு வர்றேன். நீ இங்கேயே உட்கார்ந்து உன் வேலையைப் பாரு."

பதிலுக்குக் காத்திராமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பொழுதைப் போக்கத் தவித்த தருணுக்கும் மறுக்க மனமில்லை.

மறுநாள் தமிழ் எழுத்து வரவில்லை என்றார். அதற்கு மறுநாள் மவுஸ் நகரவில்லை. பார்த்தால் பேட்டரியே போடவில்லை. தினமும் காலையில் ஒரு புகார், உடனே மார்க்கெட். மதியம் வரை ஆள் தலைகாட்ட மாட்டார். தனி ஆள் தினம் தினம் அப்படி என்னதான் வாங்குகிறார் என்று அதுவும் ஒரு புதிர்.

புதிரை அவிழ்க்க அவனுக்கு நேரமில்லை. கையில் கம்ப்யூட்டர் இருந்தது. ரெஸ்யூமே எழுதினான், பத்து இடங்களுக்கு அனுப்பினான். அடுத்த வியாழக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கேமராவுக்கு முன்னால் இன்டர்வியூ கொடுத்தான். அடுத்தவர் பொருளைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறோமே என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

பாய் அன்றைக்கு மார்க்கெட் கிளம்புமுன் அவரைத் தடுத்து நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வேலை போனது, பெஞ்சு, பொய்கள், இன்டர்வியூ எல்லாம்.

"உங்களைக் கேக்காமலே பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க பாய்."

"அல்ஹம்துலில்லா!" பாய் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். "முதல்ல மேலே போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"போறேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது செய்யணும். வாரண்டி பதிவு பண்ணவே இல்லையே. பில் எங்கே?"

பாயின் முகம் மாறியது. "பில்லா? அதெல்லாம் வேணாம் தம்பி. விடு."

"ரெண்டு நிமிஷ வேலைங்க."

மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்தான். பில் உள்ளேதான் இருந்தது. வாரண்டிக்கு வாங்கியவர் பெயர் வேண்டுமே என்று தேடிப் படித்தான்.

வைஷ்ணவி தருண். கீழே வைஷுவின் போன் நம்பர்.

திரும்பத் திரும்பப் படித்தான். எழுத்துகள் கலங்கின.

"பாய்... வைஷுவா வாங்கினா? எனக்கு வேலை போனது அவளுக்கு எப்படித் தெரியும்?"

பாய் அவன் தோளில் தொங்கிய பையை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"லேப்டாப் இல்லாத இந்தப் பையில தினமும் டப்பா வெச்சுக் குடுக்கிறது யாரு தம்பி?"