இன்ஜினியர் மேற்பார்வையில்

"மரம் ரோட்டுப் பக்கம் வுழட்டும்னுதான் இழுத்தேன். அது இந்தப் பக்கம் வந்தா நான் இன்னா பண்றது?"

வடக்கயிற்றின் நுனியை இன்னும் கையில் பிடித்தபடியே கேட்டார் வேடியப்பன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் எந்தப் பக்கம் நின்று இழுத்தார் என்பதைக் கச்சிராயபாளையமே பார்த்துக்கொண்டிருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு ஊரூராக மரத்தை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்த நாட்கள் அவை. "நம்ம புள்ளைங்களும் இன்ஜினியர் ஆவணும்" என்று கோஷம் போட்டுக்கொண்டே வெட்டிய வேப்பமரம், சடையனின் ரேடியோ ரிப்பேர் கடை மேல் சாய்ந்து, 'இன்ஜினியர்' என்று எழுதியிருந்த போர்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. கடை சாத்தியிருந்ததால் ஆளுக்கு அடியில்லை. அடிபட்டது போர்டுக்கு அடியில் நிறுத்தியிருந்த சைக்கிள் மட்டும்தான். அது வேடியப்பனுடையது.

"ரோட்டோரம் இத்தினி மரம் இருக்க, இதுதான் கெடைச்சுதா மாமா?" என்றான் சடையன். அவன் வேடியப்பனின் மனைவிக்குத் தம்பி.

வேடியப்பனுக்கும் சந்தைத் தெருவில் ரேடியோ கடைதான். மச்சான் பஸ் நிறுத்தத்தில் கடை வைத்தபோது முதல் ஆளாக வந்து தேங்காய் உடைத்தவரும் அவர்தான். கடை வைத்து மாசம் திரும்புவதற்குள் இந்தப் போர்டு ஏறியது.

'சடையன் ரேடியோஸ். இன்ஜினியர் நேரடி மேற்பார்வையில் பழுது பார்க்கப்படும்.'

அன்றிலிருந்து வேடியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கடையில் ஈ உட்கார்ந்தது. அங்கே கூட்டம் நின்றது. டெண்டு கொட்டாய்க்குப் போனால் இடைவேளையில் அதே வாசகம் ஸ்லைடாக வந்து திரை முழுக்க நின்றது. மீதிப் படத்தைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டார்.

"எந்த இன்ஜினியருடி? உன் தம்பி எட்டாங் கிளாஸையே ரெண்டு தடவ படிச்சவன்."

"அவன் தன்னை இன்ஜினியர்னா எழுதிக்கினான்? மேற்பார்வைனுதான் எழுதியிருக்கான்" என்றாள் பெரியநாயகி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

"அந்த மேற்பார்வை எங்க குந்திக்கினு பாக்குது?"

"அத அவனையே கேளு. எங்கிட்ட பேசற வாய அங்கயும் காட்டு."

கேட்டார். பலமுறை கேட்டார். சடையன் சிரித்தபடி டீ வாங்கிக் கொடுப்பான். டீயைக் குடித்துவிட்டு, எரிச்சலோடு திரும்பி வருவார். தானும் விட்டேனா பார் என்று, 'ரேடியோ டாக்டர் வேடியப்பன்' என்று போர்டு எழுதி மாட்டினார். மறுநாள் காலை காதில் சீழ் வைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள். அன்று மாலையே போர்டு இறங்கிவிட்டது.

அவர் கைவேலையில் குறை சொல்ல ஆளில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். ரேடியோவைத் திறப்பதற்கு முன்னால் கொண்டுவந்த ஆளைத் திறந்துவிடுவார். "இத ரேடியோவா வச்சிருந்தியா, அம்மிக்கல்லா வச்சிருந்தியா?" என்பதுதான் அவருடைய வரவேற்பு.

அவருக்கிருந்த ஒரே ஆறுதல் கொளஞ்சியம்மாள். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்குக் கடுக்காய் விற்க இறங்கி வருபவள். பச்சைத் துணியில் ஒட்டுப் போட்ட கோணிப்பை நிறைய ரேடியோக்களைக் கொண்டுவந்து இறக்குவாள்.

"மலையில அத்தினி பேரும் உன் கைதான் வேணும்ங்கறாங்கண்ணே."

திட்டுவதற்கு உரியவர்கள் மலை மேல் இருந்ததால், வேடியப்பன் ரேடியோவை மட்டும் ரிப்பேர் செய்வார். அடுத்த சந்தைக்கு அவள் எடுத்துப் போவாள்.

"பட்டத்தப் பாத்து வர்றவன் அங்க போறான், வேலையப் பாத்து வர்றவ இங்க வர்றா" என்று பெரியநாயகியிடம் மார்தட்டுவார். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

மறியல் தொடங்கியதும் மலைக்குப் போய்வரும் வெள்ளிமலை பஸ் நின்றது. கொளஞ்சியம்மாளும் வரவில்லை. அந்த ஆறுதலும் போன எரிச்சலில்தான், மரம் வெட்டக் கிளம்பியவர்களிடம் வேடியப்பன் கயிற்றைக் கேட்டு வாங்கியது.

இப்போது கூட்டம் மரத்தைச் சாலைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சடையன் கடையின் பலகைகளைக் கழற்றினான். வேடியப்பன் பின்னாலேயே நுழைந்து சுற்றிலும் பார்த்தார். ஒரு மேசை, ஒரு முக்காலி, கொடியில் ஒரு சட்டை. அதுவும் சடையனுடையது. இன்ஜினியர் ஒளிந்துகொள்ள அங்கே இடமே இல்லை.

"சரி மச்சான், வேணும்னுதான் இழுத்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பொறாமதான். ராத்திரியில தூக்கம் வரலடா. எங்கிட்ட இல்லாதது அந்தாளுகிட்ட இன்னா இருக்குனு ஒரு தடவ பாத்துட்டா ஆறிடும். இன்னிக்கும் டீ வாங்கிக் குடுத்து மழுப்பாத. யாரு அந்த இன்ஜினியரு?"

சடையன் சிரிக்கவில்லை. குனிந்து, மேசைக்கடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்து அவர் காலடியில் வைத்தான். நிறைய ரேடியோக்கள். பையின் ஓரத்தில் பச்சைத் துணி ஒட்டு.

"பஸ் இல்லாம கொளஞ்சியக்கா எறங்கி, இங்கேர்ந்து உங்க கடைக்குத் தூக்கியார முடியல. இந்த வாரத்துத நீங்களே தூக்கிக்கினு போயிடுங்க மாமா" என்றான். "உங்க வாய்க்குப் பயந்துதான் ஊரு சனம் எங்கிட்ட வருது. எனக்கு பேட்டரி மாத்தறதுக்கு மேல ஒண்ணுந் தெரியாது. அந்த இன்ஜினியரு நீங்கதான்."