கட்டு மாற்றும் நாள்

செம்பட்டிக்கு மேற்கே, 'ஜெபக்காரர்கள் ஊருக்குள் வரக் கூடாது' என்று எழுதிய பலகையடியில் சகாயசெல்வி சிஸ்டர் ஸ்கூட்டியை நிறுத்துகிறார். அதன் கண்ணாடியைப் போன மாதம் இதே இடத்தில்தான் யாரோ உடைத்தார்கள். முட்டி வலிக்க உச்சி வெயிலில் நடந்து போய், அந்தப் பலகையை நட்ட பெருமாள்சாமியின் வீட்டில் அவர் காலருகே குந்துகிறார். சர்க்கரைப் புண்ணில் பழைய கட்டுத்துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வலிக்காமல் உரிக்கிறார். ஜெபிக்கக்கூட இன்று தெம்பில்லை. கை மட்டும் வேலை செய்கிறது. ஓர் ஈ இருவரையும் விடுவதாயில்லை. பெருமாள்சாமி கூரையைப் பார்த்தபடி சொல்கிறார்: "நாளைக்கு வராதீங்க சிஸ்டர். ஊர்ல சத்தம் போடுறாங்க." சிஸ்டர் புண்ணைப் பஞ்சால் ஒற்றியபடி, நிமிராமல் சொல்கிறார்: "நாளைக்கு வரலண்ணே. நாளக்கழிச்சுத்தான் கட்டு மாத்தணும்."