கரண்டி பட்ட வெண்டைக்காய்

நடுப்பகல் வெயில் அடுப்படி மேடையில் விழுந்து கிடக்கிறது. எவந்தியா கையைக் கட்டிக்கொண்டு, தம்பி ஸ்டாமாட்டிஸ் கட்டிக்கொண்டு வந்திருக்கும் ஏதென்ஸ்காரி மிர்த்தோ வெண்டைக்காய் நறுக்கும் லட்சணத்தைப் பார்க்கிறாள். பென்சில் சீவுவதுபோலக் காம்பை மட்டும் சீவி, வினிகர் தெளித்து, வெயிலில் காயவைத்தால்தான் காயின் கொழகொழப்பு அடங்கும்; இவளோ தலையோடு வெட்டித் தள்ளுகிறாள். "வெயில்ல வச்சா நேரமாகும்ல, அண்ணி?" "ஆமாமா, உங்க ஊர்ல சூரியனுக்கே நேரமில்லையாம்ல." காய் பாதி வெந்ததும் ஓவனிலிருந்து தட்டை இழுத்துக் கரண்டியால் வேறு கிண்டுகிறாள் மிர்த்தோ. தட்டைக் குலுக்குவார்களே தவிர, வெண்டைக்காயைக் கிண்டும் கை இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் கொதிக்க, சளி பிடித்த மூக்கைப்போலப் பச்சைக் கொழகொழப்பு ஒழுகுகிறது. எவந்தியாவின் உதட்டோரம் சிரிப்பு ஊறுகிறது. தம்பி வரட்டும், அவன் வாயாலேயே சொல்லட்டும். ஸ்டாமாட்டிஸ் வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டு, தாடியில் கொழகொழப்பு நூலாய்த் தொங்கத் தொங்கத் தின்கிறான். "அருமையா இருக்கு, புள்ள! இன்னும் கொஞ்சம் போடு." எவந்தியாவின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோகிறது. முப்பது வருஷமாக அவள் வெயிலில் வைத்து எடுத்துச் சமைத்த வெண்டைக்காயைத் தின்றுவிட்டு இவன் வாயைத் திறந்தது ஏப்பம் விட மட்டும்தான்.