மூணு எழுத்துக் கமெண்ட்

"ஸ்லேன்னா வெட்டிக் கொல்றதுன்னு டிக்சனரில போட்டிருக்குது! எவன்டி இவன், உன்னை வெட்ட வர்றவன்?"

முனிராஜ் போனை மனைவி வெண்மதியின் மூக்குக்கு நேராக நீட்டினான். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு அப்போதுதான் டெம்போவை வாசலில் நிறுத்தியிருந்தான்.

வெண்மதி தோட்டக் கூலிக்குப் போகிறவள். நிறைந்த தக்காளிப் பெட்டியை ஒரே வீச்சில் தலைக்கு ஏற்றி, வரப்பில் ஓடுவாள். யாரோ அதைப் படம்பிடித்துப் போட, ஊரெல்லாம் பார்த்தது. அப்புறம் அவளே ரீல்ஸ் போட ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாகச் சுமந்தாள். பெட்டியை எண்ணியவர்கள் உண்டு, அவள் முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. இப்போது மாரண்டஹள்ளி பஸ்ஸில், "தக்காளி அக்கா, உக்காருங்க!" என்று எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

ஒரு வம்பு மட்டும் இருந்தது. சிங்கப் படம் போட்ட ஒரு ஐ.டி. எந்த ரீல்ஸையும் விடுவதில்லை. முதல் கமெண்ட் அதனுடையதுதான், இன்றைய 'ஸ்லே' உட்பட. பேரும் இல்லை, ஊரும் இல்லை.

"அவன் யாருன்னு இப்பத் தெரியணும். இல்லேன்னா உன் பேஜையே அழிச்சுடுவேன்."

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்க!" வெண்மதி வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினாள். "கவி! ஓடியா. இவருக்கு அர்த்தம் சொல்லு!"

பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் கவிப்பிரியா பாதி பின்னிய சடையோடு ஓடி வந்தாள். போனைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அண்ணா! ஸ்லேன்னா 'தூள் கெளப்பிட்டே'ன்னு அர்த்தம்."

"அப்ப இந்த ஒத்தை டபிள்யூ?"

"ஜெயிச்சுட்டீங்கன்னு."

"ஜி.ஓ.ஏ.டி.?"

"இதுவரைக்கும் வந்தவங்கள்லயே நீங்கதான் டாப்புன்னு! அக்கா, வெறித்தனமான ஃபேன் உங்களுக்கு!" கவிப்பிரியா குதித்தாள். வெண்மதியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

மூலையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மாமியார் ராமக்காள் முறத்தைத் தட்டினாள்.

"ஆமாமா, டாப்பு! வூட்டுல அடுப்பு பத்தலை, இவளுக்கு ரீல்ஸு. அந்தப் போனைத் தூக்கிக் கெணத்துல போடுடா."

"கேட்டுக்க. அம்மாவே சொல்லுது," என்றான் முனிராஜ். "ஏம் பாப்பா, எல்லாத்துக்கும் அர்த்தம் சொன்னியே, இதுக்குச் சொல்லு. ஒவ்வொரு கமெண்ட்டும் இதுலதான் முடியுது. எம்.பி.டி."

கவிப்பிரியா யோசித்தாள். நெட்டில் தேடினாள். காலேஜ் குரூப்பில் போட்டுக் கேட்டாள். 'தெரியலை', 'தெரியலை' என்றே பதில்கள் வந்து விழுந்தன.

"இப்படி ஒண்ணு இல்லைங்கண்ணா. எழுதுறவங்களுக்கும் படிக்கறவங்களுக்கும் மட்டும்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முனிராஜ் பிடித்துக்கொண்டான். "அதான்! ரெண்டு பேருக்குள்ள ரகசியம்! நானே சொல்லட்டுமா? மை பிரியமான தங்கம்! எம், பி, டி!"

"எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேங்க. எனக்குத் தெரியாது."

"தெரியாதவன் எவனாச்சும் தெனம் வந்து காத்துக் கெடப்பானா? என் டெம்போவுல ஏறுற ஆளுங்க என்னை என்ன பார்வை பாப்பானுங்க?"

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க!"

ராமக்காள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் உரித்த தோலை முறத்திலும் பருப்பைத் தரையிலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

முனிராஜின் விரல் ஓடியது. பேஜை அழிக்கும் இடம் வந்துவிட்டது. 'நிச்சயமாகவா?' என்று போன் ஒருமுறை கேட்டது. வெண்மதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முறம் கவிழ்ந்து அவரைக்காய் வீடெல்லாம் சிதறியது. ராமக்காள் பாய்ந்து வந்து மகன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அழிச்சே, கையை ஒடிச்சுப்புடுவேன்! எம்.பி.டி.ன்னா 'மருமவளே, பாத்துத் தூக்கு'டா! மத்ததெல்லாம் ஊருப் பசங்க போடறதைப் பாத்து நான் போட்டது. மூஞ்சிக்கு நேரா சொன்னா மாமியாருக்கு என்னடா மரியாதை?"