பின்சக்கரத்துக் காற்று

"சத்தியமா சொல்றேன், இது அந்த ஆளோட வேலைதான்!"

நூலகர் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல்கள் இரண்டு திறந்தன. நூலகத்தில் யாராவது இருமினாலே முறைக்கிறவர் அவர்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் சப்பிப் போய் உட்கார்ந்திருந்தது. காற்றடித்தால் தீராது. டியூப் வாயிலிருந்த வால்வு பின்னையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"பார்க்காம யாரையும் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. அவள் நர்ஸ். ஏழு மணிக்கு டியூட்டி. ஆஸ்பத்திரிக்கு பைபாஸில் இருபது கிலோமீட்டர். வண்டியே அவளுக்காகத்தான், நூலகருக்கு நடராஜா சர்வீஸ்.

"வேற யாரு? நேத்து அந்தக் கீழ்வீட்டு ஆளு ஆடின ஆட்டத்தைப் பார்த்தல்ல?"

பார்த்தாள்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமை. செயின் கடகடவென்று சத்தம் போடுகிறது, மெக்கானிக்கிடம் விடலாம் என்று அவள் சொன்னதும் நூலகருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுக்கெல்லாம் மெக்கானிக்கா?" என்று ஒரு புத்தகமும் நாலு வீடியோவும் பார்த்துவிட்டுக் களத்தில் இறங்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, பாதி நாளில் பழைய செயினைக் கழற்றி, முன்னும் பின்னும் இருந்த பல்சக்கரங்களை மாற்றி, புதுச் செயினையும் மாட்டிவிட்டார். ஸ்கேல் வைத்துச் செயினின் தொய்வை அளந்து, பின்சக்கர அச்சு நட்டில் ஸ்பேனரை வைத்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்தார். லேத் பட்டறை வேலைக்காரர்.

"என்ன சார் இது? நீங்க மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவின கருப்பெல்லாம் என் வாசலுக்கு வந்திருக்கு! ஒரு பழைய பேப்பரை விரிச்சிருக்கக் கூடாதா? லைப்ரரியையே கையில வெச்சிருக்கீங்க, பேப்பருக்கா பஞ்சம்?"

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அதுதான் நூலகருக்குச் சுருக்கென்றது. வார்த்தை தடித்தது. ஸ்பேனரைப் பெட்டியில் வீசிவிட்டு, "இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்!" என்று மாடியேறிவிட்டார்.

இன்று காலை ஐந்தரைக்குக் காலிங் பெல் அடித்தது. கூடத்தில் எரிந்த இரவு விளக்கு வெளிச்சத்தில் நூலகர் எழுந்து வந்து, கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரர்! விடியறதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டாரா? சத்தம் காட்டாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

"யாருங்க?" என்றாள் மனைவி தூக்கத்தில்.

"யாருமில்ல. தூங்கு."

கதவு திறக்கவில்லை என்ற ஆத்திரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் பெல் அடித்த கதையை மட்டும் மனைவியிடம் அவர் சொல்லவில்லை. அவள் இரண்டு பஸ் மாறி, தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள்.

மாலை நூலகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டி பக்கத்திலேயே காத்திருந்தார். வேலை முடிந்து வந்த மனைவி, கைகலப்பு ஆகிவிடப் போகிறதே என்று கூடவே நின்றாள்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கீழ்வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"வண்டியை எடுக்கலையே? அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து வால்வு பின்னை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. நான்தான் புடுங்கினேன்."

"கூச்சமே இல்லாம சொல்றீங்களே!"

கீழ்வீட்டுக்காரர் குனிந்து, பின்சக்கர அச்சு நட்டை இரண்டு விரலால் சுற்றினார். பாட்டில் மூடி போல அது சுற்றிக்கொண்டே வந்தது.

நூலகரும் குனிந்து நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து நீங்க இதை முடுக்கப் போனப்பதான் நான் வந்து கத்தினேன் சார். காலைல பஸ்ஸுக்குப் போறப்ப அது ஞாபகம் வந்துச்சு. தொட்டுப் பார்த்தா ஆடுது. தங்கச்சி பைபாஸ்ல போற வண்டியாச்சே! இந்த சைஸ் ஸ்பேனர் எங்கிட்ட கிடையாது. சீட்டு எழுதி வெச்சா பறந்துடும். அதான், வண்டி நகரவே கூடாதுன்னு..."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நூலகர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முழுசாக நிற்கிறாள். அது போதும் என்றிருந்தது. கண் கலங்கிவிட்டது.

"ஏண்ணா, பெல் அடிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் அவள்.

நூலகருக்கு வியர்த்தது.

கீழ்வீட்டுக்காரர் அவரை ஒரு முறை பார்த்தார். "அடிச்சேம்மா, மூணு தடவை. நாள் பூரா வேலை பார்த்த மனுஷன், அசந்து தூங்கியிருப்பார். அதுக்குள்ள பஸ் ஹாரன் அடிச்சுட்டான்."

"தூங்கினா இவருக்கு இடியே விழுந்தாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் டீ போட அவள் மாடிக்குப் போனாள். நூலகருக்கு இரண்டாவது முறையாக உயிர் வந்தது.

ஓடிப் போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். யாரும் சொல்லாமலே வண்டிக்கடியில் பழைய பேப்பரை விரித்தார். கீழ்வீட்டுக்காரர் செயினை ஒருமுறை சரிபார்த்து நட்டை முடுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடி மெல்லச் சொன்னார்:

"உங்க கதவுத் துளையில வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு சார், மூணாவது பெல்லுக்குத்தான் இருட்டாச்சு. அடுத்த தடவை அதுல கண்ணை வெச்சா, அப்படியே கையைத் தாழ்ப்பாள்லயும் வெச்சுடுங்க."